அரிப்பு அடங்கினால் பூஞ்சை ஒழிந்ததா?

படர்தாமரைக்கு மருந்துக்கடையில் ட்யூப் வாங்கிப் பூசுவதில் தவறில்லை. உடம்பில் ஓரிரு இடங்களில் சிறு வட்டமாக வந்த படைக்கு க்ளோட்ரிமசோலோ டெர்பினஃபைனோ மட்டும் உள்ள களிம்பு பெரும்பாலும் போதும். தோல் வழியாக ரத்தத்தில் இவை கலப்பதும் மிகக் குறைவு. சிலருக்குச் சற்று எரியும். ஆபத்து அந்த ட்யூபில் கூடவே வருகிற இன்னொரு மருந்தில் இருக்கிறது. நம் கடைகளில் தாராளமாக விற்கும் கூட்டுக் களிம்புகளில் பூஞ்சைக்கொல்லியோடு க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் போன்ற ஏதாவது ஒரு ஸ்டீராய்டும், போதாததற்கு ஒரு ஆன்டிபயாடிக்கும் சேர்ந்திருக்கும். க்ளோபெட்டசால் மேற்பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை.

படையின் சிவப்பும் அரிப்பும் பெருமளவுக்கு, பூஞ்சையை எதிர்த்து உடல் நடத்தும் சண்டையின் விளைவு. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்குகிறது. இரண்டு மூன்று நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு வெளிறும், ‘நல்ல மருந்து’ என்று பெயர் கிடைக்கும். பூஞ்சையோ எதிர்ப்பின்றிப் பரவும். பூசுவதை நிறுத்தியதும் படை முன்பைவிட அகலமாகத் திரும்பி வரும். திரும்பவும் அதே ட்யூப். நாளடைவில் வட்டத்தின் விளிம்பு கலைந்து, பார்த்ததும் படை என்று சொல்ல முடியாத உருவம் எடுக்கும். பிரிட்டனில் 1968இல் ஐவ், மார்க்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இதற்கு ‘டினியா இன்காக்னிட்டோ’ என்று பெயரிட்டார்கள். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும், அது மறைவதில்லை.

‘பூஞ்சைக்கொல்லியும் அதே ட்யூபில் இருக்கிறதே, அது தன் வேலையைச் செய்யாதா?’ என்று கேட்கலாம். செய்ய நாள் வேண்டும். வழக்கமாக நாளுக்கு இருவேளை, படையின் விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை, தோல் தெளிந்த பிறகும் 2 வாரம் பூசச் சொல்கிறார்கள் இந்தியத் தோல் மருத்துவர்கள். ஆனால் அரிப்பு நின்றால் குணமாகிவிட்டது என்றுதான் யாரும் கணக்கிடுவார்கள். கணக்கிட நம்மிடம் இருந்த அந்த ஒரே அடையாளத்தையும் ஸ்டீராய்டு பொய்யாக்கிவிடுகிறது. டாக்டர்களே எழுதித் தருகிறார்களே என்றால், சிலர் எழுதுகிறார்கள்தான். அதனால் அது சரியாகிவிடாது. 2018இல் மத்திய அரசு 14 மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை மருந்துச் சீட்டின்றி விற்கக் கூடாது என்று அறிவித்தது. நடைமுறையில் பல கடைகளில் சீட்டு கேட்பதில்லை என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

இதற்கிடையே பூஞ்சையும் மாறியிருக்கிறது. இந்தியாவில் இன்று பரவலாகக் காணப்படும் ‘ட்ரைக்கோபைட்டன் இண்டோட்டினியே’ 2020இல்தான் தனி இனமாகப் பெயர் பெற்றது. இதில் பல வகைகள், டெர்பினஃபைன் தாக்கவேண்டிய இடத்திலேயே மரபணு மாற்றம் பெற்று அந்த மருந்துக்கு அடங்காமல் நிற்கின்றன. 2023இல் நியூயார்க்கிலும் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்தப் பூஞ்சை இப்படிப் பரவியதற்கு ஸ்டீராய்டுக் களிம்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. புழுக்கம், இறுக்கமான ஜீன்ஸ், ஒரே துண்டை வீடே பயன்படுத்துவது, அரைகுறைச் சிகிச்சை எல்லாமே சேர்ந்துதான் காரணம். என்றாலும் ஸ்டீராய்டைத் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது. அதற்கு, ட்யூபின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, ‘-சோல்’, ‘-சால்’ என்று எதைக் கண்டாலும் ஒதுக்குவது உதவாது: க்ளோட்ரிமசோல் பூஞ்சைக்கொல்லி, க்ளோபெட்டசால் ஸ்டீராய்டு. ‘ஸ்டீராய்டு கலக்காததாகக் கொடுங்கள்’ என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்பதே நல்லது.

தோல் மருத்துவரிடம் போக எல்லோருக்கும் நேரமும் காசும் ஏது என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. எல்லாப் படைக்கும் போகத் தேவையுமில்லை. தலையிலோ நகத்திலோ வந்தால், உடம்பில் பல இடங்களில் பரவினால், நீரிழிவு இருந்தால், கர்ப்பமாக இருந்தால், கைக்குழந்தைக்கு என்றால், முறையாகப் பூசியும் நான்கு வாரத்தில் தெளியாவிட்டால் போயே ஆகவேண்டும். தொட்டால் உணர்ச்சி தெரியாத வெளிறிய தேமலுக்குக் களிம்பே பூசக் கூடாது. அது தொழுநோயாக இருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். படையின் ஓரத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே பெரும்பாலும் பூஞ்சையா இல்லையா என்று தெரிந்துவிடும். போகும்போது அதுவரை பூசிய ட்யூப்களையும் கையில் எடுத்துப்போனால், உருமாறிய படையை அடையாளம் காண மருத்துவருக்கு எளிதாக இருக்கும்.