தொட்டபெட்டாவுக்கு அடியில் கரியமில வாயுவைப் புதைக்கலாமா?

நார்வேயின் ஸ்லெய்ப்னர் கடல் வயலில் கிடைக்கும் எரிவாயுவில் கரியமில வாயு சுமார் 9 சதவீதம். அமீன் கரைசலால் அதைப் பிரித்து, 1996 முதல் கடலுக்கடியில் உள்ள மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள். அந்த ஆழத்து அழுத்தத்தில் வாயு திரவம்போல் அடர்ந்து, மணல்மணிகளின் இடுக்குகளில் தங்குகிறது; மேலே களிப்பாறை மூடியாக நிற்கிறது.

நீலகிரியில் இது முடியாது. தொட்டபெட்டாவின் சார்னோகைட் பாறையை உடைத்துப் பார்த்தால், ஒன்றையொன்று கவ்விய படிகங்கள்தான், நுண்துளைகள் இல்லை.

ஆனாலும் இம்மலைக்கு வேறொரு கிடங்கு உண்டு. புல்வெளிப் பள்ளங்களின் சதுப்பில் நீர் தேங்குவதால் ஆக்சிஜன் உள்ளே புகாது. செத்த புல் முழுதும் மக்காமல், கறுத்த பீட் மண்ணாகப் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரிமத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால், காற்றுப் பட்டு அது மீண்டும் கரியமில வாயுவாகிவிடும்.