லைன் அறுந்தாலும் கணக்குப் பிசகக் கூடாது

புறக்கோட்டையில் தலைமைக் கடையும் காத்தான்குடியில் கிளையும் வைத்திருக்கும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். கிளையில் 25,000 ரூபாவுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுக்கப்படுகிறது. காசாளர் பட்டனை அழுத்துகிறார். பில் கொழும்பிலுள்ள சேர்வருக்குப் போகும் நேரம் பார்த்து லைன் அறுந்துவிடுகிறது. திரையில் ‘பிழை’ என்று வருகிறது.

பில் போகும் வழியில் தொலைந்திருக்கலாம். அல்லது அங்கே பதியப்பட்டு, ‘பதிந்தாயிற்று’ என்ற பதில் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். இரண்டுக்கும் திரையில் தெரிவது ஒன்றுதான். காசாளர் மீண்டும் அழுத்தினால் வாடிக்கையாளரின் கடன் 50,000 ஆகிவிடலாம். அழுத்தாமல் விட்டால் கடனே பதியப்படாமல் போகலாம். முன்னதில் அடுத்தவரின் ஹக்கு நம் கையில் சேர்கிறது. பின்னதில் நமது முதல் போகிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் பணிப்பதை நாம் அறிவோம். கணினியில் எழுதினாலும் அந்தப் பொறுப்பு நம்முடையதே.

கடைகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுப்பவன் என்ற வகையில் நான் மூன்று விடயங்களை வலியுறுத்துவதுண்டு.

முதலாவது, ஒவ்வொரு பில்லுக்கும் கிளையிலேயே தனி இலக்கம் இட வேண்டும். மறுபடி அனுப்பும்போதும் அதே இலக்கமே போக வேண்டும். ஏற்கெனவே வந்த இலக்கத்தைத் தரவுத்தளம் இரண்டாம் முறை பதியாது. ‘பதிந்தாயிற்று’ என்று பதில் மட்டும் தரும்.

இரண்டாவது, கையிருப்பில் கழிப்பதும் கடனில் சேர்ப்பதும் ஒன்றாகவே நடக்க வேண்டும். நடந்தால் இரண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. ‘ட்ரான்செக்ஷன்’ எனப்படும் இந்த முறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவரான ஜிம் கிரே 1998இல் டியூரிங் விருது பெற்றவர்.

மூன்றாவது, பில் முதலில் கிளைக் கணினியிலேயே எழுதப்பட்டு, பின்னர் கொழும்புக்குச் செல்ல வேண்டும். பதில் வராவிட்டால் சில வினாடிகள் பொறுத்து மென்பொருளே மறுபடி அனுப்பும். அப்படியும் வராவிட்டால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போகும். லைன் இல்லையென்று வியாபாரத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால், இன்னும் போய்ச் சேராத பில்கள் எத்தனை என்பது திரையில் தெரிய வேண்டும்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பில் போடும்போதே நெட்வேர்க் வயரைக் கழற்றுங்கள். சற்றுப் பொறுத்து மீண்டும் சொருகி, கையிருப்பையும் கடன் பேரேட்டையும் பாருங்கள். ஒரு தடவை போதாது, பத்துத் தடவை செய்யுங்கள். ஒவ்வொரு பில்லும் ஒரே முறை, முழுமையாகப் பதிந்திருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால், திருத்திக்கொண்டு வரச் சொல்லுங்கள்.