கோழிக்கு மட்டும் ஏன் அப்படி? ஃபுளூ வைரஸும் நம் செல்லின் கத்தரிக்கோலும்

2024 பிப்ரவரியில் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தது உறுதியானபோது, எல்லையை ஒட்டிய நம் மாவட்டங்களில் கண்காணிப்பு கூடியது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் எளாவூர், ஆரம்பாக்கம், அதற்கடுத்து ஆந்திரா. ஆகவே எங்கள் பகுதிப் பெற்றோருக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல. சத்துணவு முட்டையைப் பிள்ளைகள் சாப்பிடலாமா என்று கேட்டார்கள். மஞ்சள் கருவும் கெட்டியாகும்படி வேகவைத்தால் பயமில்லை என்றோம். 70 டிகிரி செல்சியஸ் வெப்பம் உள்வரை சென்றால் இந்த வைரஸ் செயலிழந்துவிடும். ஆனால் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கேள்விக்கு அவ்வளவு சுருக்கமான பதில் இல்லை: "எங்களுக்கு ஃபுளூ வந்தா நாலு நாள்ல சரியாயிடுது. கோழிங்க மட்டும் ஏன் சார் கூண்டோட சாவுது?"

"வைரஸ் மாறிவிட்டது" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அது பாதிப் பதில்தான்.

டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம் என்ற வரிசையோடு நம் வகுப்பு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சிப்காட் இரும்பு ஆலைகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு ஒன்று தெரியும்: கம்பி உருண்டு வெளியே வந்ததும் வேலை முடிவதில்லை. வெட்ட வேண்டும், வளைக்க வேண்டும், சிலவற்றுக்குப் பூச்சும் பூச வேண்டும். புரதமும் அப்படித்தான். அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட பிறகு செல் அதை வெட்டுகிறது, அதன்மேல் சர்க்கரையையோ கொழுப்பையோ பாஸ்பேட்டையோ ஒட்டுகிறது. இன்ஃபுளூயன்சா ஏ வைரஸிடம் இருப்பவை எட்டே எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகள். இந்தக் கைவேலைகளுக்கான பட்டறை அதனிடம் கிடையாது. நம் செல்லின் நொதிகள்தான் அதற்கு வேலை செய்து கொடுக்கின்றன.

இவற்றில் வெட்டுதான் மிக முக்கியம். வைரஸின் மேற்பரப்பில் முள்முள்ளாக நிற்கும் புரதம் ஹீமக்ளூட்டினின். செல்லைப் பற்றிக்கொள்வதும், உள்ளே போன பிறகு செல்லின் சவ்வோடு இணைந்து மரபுப்பொருளை வெளியே விடுவதும் அதன் பணி. உருவாகும்போது அது ஒரே சங்கிலியாக இருக்கிறது. அதை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டி இரண்டாக்கினால்தான் சவ்வோடு இணையும் முனை விடுபடும். வகுப்பில் இதைக் காட்ட நான் பொத்தானை அழுத்தினால் விரியும் குடையை எடுத்துப் போவேன். நாடா கட்டியிருக்கும்போது பொத்தானை அழுத்தினால் குடை விரியாது. நாடாவை அவிழ்ப்பதுதான் நொதியின் வெட்டு. பொத்தானை அழுத்துவது, செல்லுக்குள் வைரஸ் சிக்கியிருக்கும் சிறு பையின் அமிலத்தன்மை. வெட்டப்படாத வைரஸ் செல்லில் ஒட்டும், ஆனால் தொற்றாது.

வெட்டும் இடத்தில் வழக்கமான ஃபுளூ வைரஸுக்கு ஒரே ஒரு ஆர்ஜினின்தான் இருக்கும். அதை வெட்டத்தக்க நொதிகள் மனிதரில் முக்கியமாகச் சுவாசப் பாதையிலும், பறவைகளில் சுவாசப் பாதையிலும் குடலிலும் உள்ளன. ஆகவே நோய் அங்கேயே நின்றுவிடுகிறது. கொடிய எச்5என்1 வைரஸில் அதே இடத்தில் ஆர்ஜினினும் லைசினும் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்த வரிசையை ஃபியூரின் என்ற நொதி வெட்டும். ஃபியூரினோ ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. மூளை, இதயம், கல்லீரல் என எங்கே போனாலும் வைரஸுக்குக் கத்தரிக்கோல் தயார். மாணவியின் கேள்விக்கு இதுதான் பதில். ஒரு பறவைக் காய்ச்சல் வைரஸ் எவ்வளவு கொடியது என்று மதிப்பிடும்போது ஆய்வகங்கள் இந்தச் சில எழுத்துகளையும் படித்துப் பார்க்கின்றன. மனிதருக்கு அது எளிதில் தொற்றாததற்குக் காரணம் வேறு: பறவை வைரஸ் பற்றிக்கொள்ள விரும்பும் ஏற்பியின் அமைப்பு நம் மேல் சுவாசப் பாதையில் குறைவு. பழவேற்காட்டுக்கு வரும் பறவைகளைப் பிள்ளைகள் தாராளமாகப் பார்க்கட்டும். செத்துக் கிடக்கும் பறவையைத் தொடாமலிருந்தால் போதும்.

சர்க்கரை ஒட்டுவது வைரஸுக்குப் போர்வை. 1968இல் பரவத் தொடங்கிய எச்3என்2 வைரஸின் ஹீமக்ளூட்டினின் தலையில் ஆண்டுகள் போகப் போகச் சர்க்கரைக் கிளைகள் கூடின. அவற்றுக்கு அடியில் உள்ள இடத்தை நம் எதிர்ப்பொருள்கள் எட்டுவது கடினம். போர்வை மிகவும் தடித்தால் வைரஸுக்கே செல்லைப் பற்றுவது சிரமமாகிவிடும். தடுப்பூசியிலும் இது தொல்லை தந்திருக்கிறது. 2016-17 பருவத்துக்காகக் கோழி முட்டையில் வளர்க்கப்பட்ட எச்3என்2 வைரஸ், முட்டைக்குப் பழகும்போது ஒரு சர்க்கரை இடத்தை இழந்திருந்தது. வெளியே பரவிய வைரஸில் அந்தச் சர்க்கரை இருந்ததால், முட்டைத் தடுப்பூசி உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் அதைச் சரியாகப் பற்றவில்லை.

பாஸ்பேட் ஒரு சுவிட்ச் போல. வைரஸின் ஆர்.என்.ஏ.வைச் சுற்றிக் காக்கும் நியூக்ளியோபுரதம் முன்கூட்டியே ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாமல் பாஸ்பேட் தடுக்கிறது. அது நீங்கியதும் புரதங்கள் வரிசையாகச் சேர்கின்றன. ஒட்டுவதும் நீக்குவதும் உரிய நேரத்தில் நடக்காவிட்டால் நகலெடுப்பு தடைப்படும்.

கத்தரிக்கோல் நம்முடையது என்றால் அதையே மருந்தால் தடுக்கலாமே என்று மேல் வகுப்பு மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள். ஆய்வாளர்களும் அதைத்தான் முயல்கிறார்கள். ஓசெல்டாமிவிர் வைரஸின் சொந்த நொதியான நியூராமினிடேஸைத் தடுக்கும் மருந்து. அந்த நொதியின் மரபணு மாறியதால் 2009 தொடக்கத்துக்குள் பழைய பருவகால எச்1என்1 வைரஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு அது பலிக்காமல் போனது. நம் நொதியின் மரபணுவை வைரஸால் அப்படி மாற்ற முடியாது. ஆனால் ஃபியூரின் நம் உடலின் எத்தனையோ புரதங்களையும் வெட்டிச் சீராக்குகிறது. அதை எவ்வளவு, எத்தனை நாள் தடுக்கலாம் என்பதில்தான் சிக்கல்.