விடியும்வரை விழிக்க வேண்டிய தெர்மாமீட்டர்

சனிக்கிழமை இரவு கரியைப் பற்றவைத்து ஞாயிறு மதியம் இறைச்சியை எடுக்கும் ‘பார்பிக்யூ’ மோகம் மும்பையின் முலுண்டுக்குப் புதிது. பக்கத்துக் கட்டட வாசனைக்கே முகம் சுளிக்கும் சொசைட்டிகள் இங்கே உண்டு. அதனால் ஆர்வமுள்ளவர்கள் பெரும்பாலும் எயூர் மலைப்பக்கமோ கர்ஜத்திலோ ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மூடி போட்ட அடுப்போடு கிளம்பிவிடுகிறார்கள். ஊரில் தனி வீட்டுக்காரர்களும், மொட்டைமாடி உரிமை உள்ள சிலரும் வீட்டிலேயே செய்கிறார்கள். இவர்கள் எல்லோரும் கடைசியில் வாங்குவது ஒயர் இல்லாத இறைச்சித் தெர்மாமீட்டர். கம்பியை இறைச்சியில் குத்திவைத்தால் போன் அலாரம் அடிக்கும், நாம் தூங்கலாம் என்பது அதன் வாக்குறுதி. அந்த வாக்குறுதி எங்கே உடைகிறது, உடைந்தால் யாரைக் கேட்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

புகையில் வைக்கும் வித்தை நமக்கு அந்நியமில்லை. மினிக்காய்த் தீவில் சூரை மீனை அவித்துப் புகைபோட்டு உலர்த்தி மாசியாக்குகிறார்கள். நம் பாட்டிமார் உப்புக்கண்டம் போட்டார்கள். அவற்றில் உப்பும் உலர்வும் கிருமியைப் பார்த்துக்கொள்கின்றன. அமெரிக்க பாணிப் புகையடுப்பில் இறைச்சி கடைசிவரை ஈரமாகவே இருக்கிறது. அங்கே காவல் காப்பது வெப்பம் ஒன்றுதான்.

அடுப்புக்குள் சூடு சுமார் 107 முதல் 121 டிகிரி செல்சியஸ். பன்றித் தோள்பட்டை 10 முதல் 14 மணி நேரம் எடுக்கும். டெக்ஸஸ் சமையல் குறிப்பில் வரும் மாட்டு நெஞ்சுக்கறியை இங்கே அப்படியே செய்ய வழியில்லை. மகாராஷ்டிரத்தில் 2015 முதல் பசுவோடு காளை, எருது வெட்டுவதும் தடை. எனவே கிடைப்பது எருமைக்கறிதான், அதற்கும் இரவு முழுக்க வேண்டும். ஆட்டுத்தொடை சிறியது, ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்காக ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது என் பார்வையில் வீண் வேலை.

பெரிய துண்டு ஏறக்குறைய 65-70 டிகிரியை எட்டியதும் அப்படியே நின்றுவிடும். மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விப்பதால் மணிக்கணக்கில் எண் நகராது. புதிதாகச் செய்பவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து, உருவி உருவிக் குத்திப் பார்ப்பார்கள். இது கருவியின் குறை இல்லை. நார் நாராகப் பிரியும் பதம் வர 90 டிகிரிக்கு மேல் போக வேண்டும். உள்ளே இருக்கும் கொலாஜன் போதுமான அளவு உருகியிருப்பது அப்போதுதான்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவுக் கடைகளுக்கு வகுத்த விதியில், அசைவத்தின் நடுப்பகுதி 65 டிகிரியில் 10 நிமிடமோ, 70-இல் 2 நிமிடமோ, 75-இல் 15 விநாடியோ இருக்க வேண்டும் என்று இருக்கிறது. வீட்டுக்கும் அது நல்ல அளவுகோல். பன்னிரண்டு மணி நேரம் புகையில் இருந்த பன்றிக்கறி இந்த எல்லைகளை எல்லாம் தாண்டித்தான் வரும். அப்படியானால் ஆபத்து எங்கே?

நடு இரவில். கரி அணைந்து, இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை இறைச்சி 45 டிகிரியில் கிடந்து, ஐந்து மணிக்கு விழித்தவர் மீண்டும் கரி போட்டு ஏற்றினால், காலையில் தெர்மாமீட்டர் 93 என்று அழகாகக் காட்டும். ஆனால் 5-லிருந்து 60 டிகிரி வரை உள்ள இடைவெளியில்தான் கிருமிகள் பெருகும். வெப்பத்தைத் தாங்கும் விதைபோன்ற வடிவில் உயிர்பிழைக்கும் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் வேகமாகப் பெருகுவது 43-47 டிகிரியில். ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி செத்தாலும் அது விட்டுப்போன நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. ஆகவே காலையில் தெரியும் எண் பாதிச் செய்திதான். இரவு முழுக்க எண் எப்படி ஏறி இறங்கியது என்ற வரைபடம்தான் சாப்பிடலாமா, குப்பையில் போடுவதா என்று சொல்லும். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: இணைப்பு அறுந்தபோது அளவு எங்காவது பதிவாகிறதா? அறுந்ததை அது சொல்லுமா?

விளம்பரங்கள் பேசுவது தூரத்தைப் பற்றி. ‘100 மீட்டர்’, ‘வரம்பில்லாத தூரம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். அளந்தது திறந்தவெளியில் என்று சின்ன எழுத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 2015-இல் கிக்ஸ்டார்ட்டரில் அறிமுகமான ‘மீட்டர்’ (MEATER) என்ற கருவியின் முதல் வடிவத்துக்கு நிறுவனமே சொன்ன தூரம் 10 மீட்டர்தான். ஒயர் இல்லாத கம்பிக்குள் பேட்டரி, சில்லு, ஆன்டெனா எல்லாம் விரல் கனத்தில் அடங்க வேண்டும். அதை இரும்பு அடுப்புக்குள் வைத்து மூடினால் புளூடூத் அலை பாதிக்கு மேல் உள்ளேயே முடங்கும். மிச்சத்தை இரண்டு கான்கிரீட் தளங்கள் பார்த்துக்கொள்ளும். மொட்டைமாடியில் அடுப்பு, மூன்று மாடி கீழே படுக்கை என்றால் புளூடூத் மட்டும் உள்ள கருவியை நம்பாதீர்கள்.

அடுத்த வகை, வைஃபை வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போய் போனுக்கு வருவது. தூரப் பிரச்சினை தீர்ந்தது. பதிலுக்கு நீங்கள் ரவுட்டர், மின்சாரம், இன்டர்நெட், எங்கோ இருக்கும் சர்வர் என நான்கு பேரை நம்புகிறீர்கள். முலுண்டுக்கு மின்சாரம் தருவது மகாவிதரண். லைட் போனால் ரவுட்டரும் போகும். 2020 அக்டோபர் 12 அன்று மும்பை முழுக்க மின்சாரம் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி பேக்கப் இல்லாமல் இந்த வகைக்குப் பணம் போடுவதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, பலர் பழசு என்று ஒதுக்குவது. கம்பியிலிருந்து மெல்லிய ஒயர் அடுப்புக்கு வெளியே வரும். வெளியே உள்ள பெட்டி ரேடியோ அலையில் உங்கள் தலைமாட்டுப் பெட்டிக்குப் பேசும். போனும் வேண்டாம், செயலியும் வேண்டாம். ஆன்டெனா இரும்புக்கு வெளியே இருப்பதால் சிக்னல் திடமாக இருக்கும். இறைச்சிக்கு ஒன்று, அடுப்பின் காற்றுக்கு ஒன்று என இரண்டு கம்பிகள் கிடைக்கும். இரவில் முதலில் விழுவது அடுப்பின் சூடுதான் என்பதால் அந்த இரண்டாவது கம்பி இறைச்சிக் கம்பியைவிட முக்கியம். ஒயருக்குள் தண்ணீர் இறங்கினால் கெட்டுப்போகும், அது உண்மைதான். வரைபடமும் பெரும்பாலானவற்றில் இல்லை. ஆனாலும் இரவில் தூங்கத்தான் வேண்டும் என்பவருக்கு, குறைந்த சூட்டுக்கும் சிக்னல் அறுந்ததற்கும் தனித்தனியாகக் கத்தும் இந்த வகையைத்தான் நான் சொல்வேன்.

போனையே அலாரமாக நம்புபவர்கள் இன்னொன்றைச் சரிபாருங்கள். பேட்டரி சேமிப்பு வசதி இரவில் செயலியைத் தூங்கவைத்துவிடும். ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பு அலாரத்தை ஊமையாக்கும். இரண்டிலும் அந்தச் செயலிக்கு விலக்கு கொடுத்துவிட்டு, கம்பியைக் குளிர்ந்த நீரில் போட்டு, அலாரம் உங்களை எழுப்புகிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுவது நல்லது. செயலி இருப்பிட அனுமதி கேட்டால் பதற வேண்டாம். ஆண்ட்ராய்டின் பழைய பதிப்புகளில் புளூடூத் தேடுவதற்கே அது தேவைப்பட்டது, 12-ஆம் பதிப்பிலிருந்து தேவையில்லை. தொடர்புப் பட்டியலைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். கறி வெந்ததை அது உங்கள் மாமாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் பரிசு. அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை இத்தகைய கருவிகளுக்கு உரிமம் வேண்டாம். இந்தியாவில் அதன் கீழ்ப்பகுதி செல்போன் சேவைக்கு ஒதுக்கப்பட்டது. இங்கே 2.4 கிகாஹெர்ட்ஸ், 865-868 மெகாஹெர்ட்ஸ் போன்ற பட்டைகளில்தான் உரிமமில்லாமல் இயங்கலாம், அதற்கும் கருவி வகைக்குத் தொலைத்தொடர்புத் துறையின் ஒப்புதல் இருக்க வேண்டும். ஒப்புதல் இல்லாத ரேடியோ சாதனங்கள், குறிப்பாக வாக்கி-டாக்கிகள், ஆன்லைனில் விற்கப்படுவதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டது. பரிசுக் கருவிக்கு இங்கே வாரண்டியும் பெரும்பாலும் செல்லாது.

இங்கே வாங்குவதற்கு முன் விற்பனைப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். தூரம், தாங்கும் வெப்பம், தண்ணீரில் கழுவலாமா என்ற வரிகள் நாளை மாறலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 84-ஆம் பிரிவில், தயாரிப்பாளர் வெளிப்படையாகத் தந்த உத்தரவாதத்துக்கு ஏற்பப் பொருள் இல்லாமல் ஏற்படும் தீங்குக்கு, அவருடைய கவனக்குறைவை நிரூபிக்காமலேயே இழப்பீடு கேட்கலாம். ‘100 மீட்டர்’ என்று எழுதியது அத்தகைய உத்தரவாதம்தான் என்று வாதிடலாம். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை, புகார்த் தொடர்பு ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும். இறக்குமதியாளர் பெயரே இல்லாத பெட்டி என்றால், பிறகு நோட்டீஸ் அனுப்பக்கூட முகவரி இருக்காது. சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி இருந்தால் இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் பதிவு எண்ணைத் தேடுங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

வந்ததும் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள், திருப்பியனுப்பும் கெடு முடிவதற்குள் சோதியுங்கள். ஒரு தம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், இடுக்குகளை நிரப்பும் அளவு மட்டும் தண்ணீர். கலக்கிவிட்டுக் கம்பியை நடுவில் பிடித்தால் 0 காட்ட வேண்டும், ஒரு டிகிரி முன்பின் பரவாயில்லை. பிறகு கொதிக்கும் நீர். முலுண்ட் கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் இருப்பதால் 100 காட்ட வேண்டும். ஊட்டியில் இதே சோதனையைச் செய்தால் 93-ஐ ஒட்டித்தான் வரும், கருவியைத் திட்டக் கூடாது. இறைச்சிக்குள் போகும் முனை பல ஒயர் இல்லாத கருவிகளில் 100 டிகிரிக்கு மேல் தாங்காது என்பதும் நினைவிருக்கட்டும். நேரடித் தீயில் காட்டிக் கெட்டுப்போனால் வாரண்டி கிடைக்காது.

எந்தக் கருவியும் கண்டுபிடிக்காத ஆபத்து ஒன்று உண்டு. கரி அடுப்பு கார்பன் மோனாக்சைடைக் கக்கும், அதற்கு வாசனையோ நிறமோ இல்லை. மழை வந்துவிட்டது என்று அடுப்பை மூடிய பால்கனிக்கோ அறைக்கோ தள்ளிவிட்டுப் படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். அணைந்ததாகத் தெரியும் கரியும் அப்படியே. மொட்டைமாடி பொது இடமானால் சொசைட்டி கமிட்டியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மட்டன் சாப்பிடுவது உங்கள் விருப்பம், ஆனால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் இரவெல்லாம் புகை விடுவதற்கு உரிமை கிடையாது. 2025 ஜனவரி 9 அன்று மும்பை உயர் நீதிமன்றம் விறகு, கரி பேக்கரிகளை ஆறு மாதத்துக்குள் மாசு குறைந்த எரிபொருளுக்கு மாறச் சொன்னது. தந்தூர் அடுப்புள்ள ஓட்டல்களுக்கும் மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. அது வணிகர்களுக்கானது என்றாலும், இந்த ஊர்க் காற்றைப் பற்றிய பொறுமை தீர்ந்துவிட்டது என்பதற்கு அறிகுறி. எயூரிலோ முலுண்ட் மலையோரத்திலோ இறைச்சியை வெளியில் வைத்துவிட்டுத் தூங்குபவர்களுக்குப் பக்கத்திலுள்ள தேசியப் பூங்காவின் சிறுத்தையையும் நினைவூட்ட வேண்டும். 2018 ஜனவரியில் முலுண்ட் கிழக்கின் நானேபாடாவுக்குள்ளேயே ஒன்று புகுந்து சிலரைக் காயப்படுத்தியது.

கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை என்றால் முதலில் விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-இன் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்ன குணம் இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. செயலியின் வரைபடம் இங்கே இரண்டாவது முறை உதவும்: இத்தனை மணிக்கு இணைப்பு அறுந்தது, அலாரம் வரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதையும் படமெடுத்து இணைத்துவிடுங்கள்.

விற்ற தளம் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பதில் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். முலுண்ட் மும்பை புறநகர் மாவட்டத்தில் வருவதால் பாந்த்ரா கிழக்கில் உள்ள ஆணையம்தான் நமக்கு. விற்றவர் டில்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. 2025 ஜனவரி முதல் இருக்கும் இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவுசெய்யலாம். கெடு, குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு. பில்லின் எழுத்து அதற்குள் மங்கிவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.