அடித்த கைக்குச் சாக்கு ஏது?

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று பழமொழி சொல்வார்கள். மனைவியை அடிக்கும் கணவனுக்கு இதைவிடச் சௌகரியமான சாக்கு வேறு கிடையாது. "என்ன செய்வது? கோபம் வந்தது, கை நீண்டுவிட்டது" என்பான். அதே ஆசாமியை ஆபீஸில் மேலதிகாரி திட்டும்போது கோபம் வருவதில்லையா? வருகிறது. கை மட்டும் நீளுவதில்லை! அடக்கத் தெரிந்தவன்தான் வீட்டில் அடக்க மறுக்கிறான்.

இந்த உண்மையையே அஸ்திவாரமாகக் கொண்ட ஒரு திருத்தும் முறை அமெரிக்காவில் பிறந்தது. மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள டுலூத் நகரில், 1981-ம் ஆண்டு எலன் பென்ஸ் என்ற மாதரசியும் அவருடைய சகாக்களும் இதைத் தொடங்கினார்கள். மனைவியை அடித்தவனைப் போலீஸார் கைது செய்வார்கள். கோர்ட்டு அவனை வகுப்புக்குப் போகும்படி உத்தரவிடும். வகுப்புக்கு மட்டம் போட்டால் மறுபடியும் கோர்ட்டு வாசல்தான்!

சக்கரப் பாடம்

வகுப்பில் ஒரு சக்கரப் படம் உண்டு. அடிபட்ட பெண்கள் சொன்ன அனுபவங்களைக் கேட்டு, 1984-ல் வரைந்தது. அதன் அச்சு, ஆதிக்கம். மிரட்டுவது, இழிவாகப் பேசுவது, உற்றாரிடமிருந்து பிரிப்பது, கைக்காசில்லாமல் வைப்பது, குழந்தைகளைக் காட்டிப் பணியவைப்பது என்று 8 ஆரங்கள். அடி என்பது வெளிவட்டம்தான். "நான் எப்போதோ ஒரு தடவைதான் அடித்தேன்" என்பவனும் இந்தப் படத்தில் தன் முகத்தைக் காண்கிறான்.

கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சமரசம் பேசுவதை இந்த முறை ஏற்பதில்லை. அங்கே அவள் உண்மையைச் சொன்னால், வீடு திரும்பியதும் அதற்கும் சேர்த்து அடி விழுமே!

வகுப்புக்குப் போனவர்களெல்லாம் திருந்திவிட்டார்களா? 22 ஆய்வுகளைத் தொகுத்து 2004-ல் வெளியான கணக்கு, இத்தகைய வகுப்புகளால் விளைந்த பலன் சொற்பமே என்று காட்டியது. ஆகவே, அவன் வகுப்புக்குப் போகிறான் என்பதற்காக அவளுடைய பாதுகாப்பைத் தளர்த்திவிடக் கூடாது.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டிலும் 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, ஆலோசனை பெறுமாறு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அதற்கான 2006-ம் ஆண்டு விதிகள் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்கின்றன: அடித்ததற்கு நியாயம் கற்பிக்க, ஆலோசகர் முன் கணவனுக்கு இடமில்லை. இதைத் தொடக்கத்திலேயே அவனிடம் சொல்லிவிட வேண்டும். இனி அப்படி நடக்காது என்ற உறுதிமொழியை வாங்குவதே ஆலோசனையின் நோக்கம்.

ஆலோசகர் முன் செல்லாத சாக்கு, அடுப்பங்கரையில் மட்டும் செல்லலாமா?