டயாலிசிஸ் நோயாளிக்கு எக்கோ 'நார்மல்'... அப்போ இதயம் ஓகேவா?

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் உயிரிழப்புக்கு முதன்மையான காரணம் இதய நோய்தான். மூச்சு வாங்குது, கால் வீங்குது, அசதியா இருக்கு... இதையெல்லாம் 'உடம்புல தண்ணி ஏறியிருக்கு' என்று கடந்துபோவதே வழக்கம். அதே அறிகுறிகள் இதயத்தின் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

இதயத்துக்கு என்ன ஆகிறது?

நீரும் உப்பும் வெளியேறாமல் தேங்கும்போது ரத்த அழுத்தம் எகிறும். ரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும். இந்தச் சுமையைத் தாங்க, இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. தடித்தால் பலம்தானே? இல்லை. தசைக்குள் தழும்பு படர்ந்து, சுவர் விறைத்துப்போகும்.

டயாலிசிஸ் தொடங்கிய 433 பேரிடம் கனடாவில் நடந்த ஆய்வு 1995-ல் வெளியானது. 74 சதவீதம் பேருக்குச் சுவர் தடித்திருந்தது. பம்ப் செய்யும் திறன் குறைந்திருந்ததோ 15 சதவீதம் பேருக்குத்தான். அதாவது, பாதிப்பு முதலில். பம்ப் பலவீனம் பிறகு.

வழக்கமான எக்கோவில் ஏன் தெரிவதில்லை?

ரிப்போர்ட்டில் எல்லோரும் முதலில் தேடுவது 'இ.எஃப்.' கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்ற கணக்கு அது. உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் தசை நார்கள்தான் பெரும்பாலும் முதலில் தளரும். மற்ற நார்கள் ஈடுகட்டுவதால் இ.எஃப். 60 என்றே காட்டலாம்.

'ஸ்ட்ரெயின்' என்ன செய்யும்?

அல்ட்ராசவுண்ட் படத்தில் தசை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை மென்பொருள் பின்தொடர்ந்து, தசை எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்கும். ஆரோக்கியமான இதயத்தில் இது சுமார் 20 சதவீதம். சுருங்குவதைக் குறிப்பதால் மைனஸ் 20 என்று எழுதுவார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. மென்பொருள் வசதியுள்ள எக்கோ மெஷின் போதும்.

எப்போது எடுப்பது?

அமெரிக்காவின் கே.டி.ஓ.க்யூ.ஐ. 2005 வழிகாட்டுதல்படி, டயாலிசிஸ் தொடங்கி 'ட்ரை வெயிட்' எட்டியதும், ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் எக்கோ எடுக்க வேண்டும். பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. அறிகுறி மாறினால் காத்திருக்கக் கூடாது.

உடலில் நீர் கூடியிருக்கும்போது எடுத்தால் அளவுகள் மாறிவிடும். மெஷின் கம்பெனி மாறினாலும் ஸ்ட்ரெயின் எண் கொஞ்சம் மாறும். எனவே, முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே நிலையில் எடுத்து ஒப்பிடுவதே சரி.

முன்கூட்டியே தெரிந்தால் என்ன லாபம்?

ஸ்ட்ரெயின் எண்ணை மட்டும் வைத்து சிகிச்சை முடிவாகாது. ஆனால், ட்ரை வெயிட்டைத் திருத்துவது, நீரை மெதுவாக எடுக்க டயாலிசிஸ் நேரத்தைக் கூட்டுவது, உப்பு, ரத்த அழுத்தம், ரத்தசோகையைக் கட்டுப்படுத்துவது, ரத்தக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது போன்ற முடிவுகளை டாக்டர் சீக்கிரமே எடுக்க முடியும்.

அடுத்த முறை ரிப்போர்ட் கைக்கு வந்தால், 'இ.எஃப். எவ்வளவு?' என்பதோடு நிறுத்தாதீங்க. 'சுவர் தடிப்பு எவ்வளவு, போன தடவையைவிட கூடியிருக்கா, ஸ்ட்ரெயின் பார்க்கணுமா?' என்றும் கேளுங்க.