குற்றம் யாருடையது?

மணமாகி ஆறு ஆண்டுகளாகியும் பிள்ளை இல்லை. மனைவி நேர்த்தி வைத்தார். வைத்தியம் தேடி அலைந்தார். உறவினரின் குத்துப் பேச்சுக்களையும் தாங்கினார். கணவரைப் பரிசோதிக்கும்படி எவரும் கூறவில்லை. அவரோ வீட்டு வளவில் பழைய பற்றரிகளை உடைத்து, ஈயம் உருக்கி, மீன்வலைக்குக் குண்டு வார்ப்பவர். கரையோரக் கிராமமொன்றில் நாம் சந்தித்த குடும்பம் இது.

ஈயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும், விறகடுப்பே போதும். அதன் புகையும் தூசும் மூச்சு வழியாகவும், கழுவாத கையால் உண்ணும் சோற்றுடனும் உடலினுள் சேர்கின்றன. பெரும்பகுதி எலும்பில் ஆண்டுக்கணக்காகத் தங்குகின்றது. ஈயம் விந்தணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். அவற்றின் அசைவையும் வடிவையும் கெடுக்கும். ருமேனியாவில் 150 தொழிலாளரிடம் நடத்தப்பட்டு 1975இல் வெளியான ஆய்வு இதனைக் காட்டியது. தாம்பத்திய உறவில் குறை தெரியாதபடியால், ஆண் தன்னைச் சந்தேகிப்பதில்லை.

பெண்ணை மட்டுமே நோக்கும் இப்பார்வை எமது கிராமங்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஜோன்சன் கொன்ட்ரோல்ஸ் என்ற பற்றரிக் கம்பனி, பிள்ளை பெறக்கூடிய பெண்களை ஈயம் சார்ந்த வேலைகளிலிருந்து 1982இல் விலக்கியது. ஆனால், தந்தையாக விரும்பி, உடலில் ஈயத்தைக் குறைப்பதற்காக விடுமுறை கேட்ட ஓர் ஆண் தொழிலாளிக்கு அது மறுக்கப்பட்டது. 1991இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கம்பனியின் விதியைச் சட்டவிரோதமெனத் தீர்த்தது. ஆணின் இனப்பெருக்கத்தையும் ஈயம் பாதிக்கும் என்ற சான்றை நீதியரசர்கள் சுட்டிக்காட்டினர்.

ஈயம் கலந்த பெற்றோல் எமது நாட்டில் 2002இல் நிறுத்தப்பட்டது. வளவில் உருகும் ஈயத்தை நிறுத்துவது எமது பொறுப்பு.

செய்யக்கூடியவை சில:

பற்றரியை வீட்டில் உடைக்கவோ உருக்கவோ வேண்டாம். பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கும் ஈயம் நஞ்சு.

ஈயத்தைத் தொட்டு வேலை செய்தால், சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே உண்ணுங்கள். வேலை உடையை வீட்டினுள் கொண்டு வராதீர்கள்.

பிள்ளையில்லாத தம்பதியர் இருவரும் ஒன்றாக வைத்தியரிடம் செல்லுங்கள். கணவர் தமது தொழிலை மறைக்காமல் கூறட்டும். விந்துப் பரிசோதனை எளியது, நோவில்லாதது.

புதிய விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதங்கள் செல்லும். எலும்பிலுள்ள ஈயம் மெதுவாகவே வெளியேறும். ஆகவே பொறுமை வேண்டும். வேலையை விட்ட மறுநாளே பலனை எதிர்பார்க்க முடியாது.

நாம் சொன்ன கணவர் இப்போது பரிசோதனைக்கு இணங்கியிருக்கிறார். முடிவு எதுவாயினும், அந்த மனைவி தனியே சுமந்த பழியில் பாதி அன்றே இறங்கிவிட்டது.